பாரலாச்சா கணவாயும் ஒரு மஞ்சள் சீலும்

போன ஆகஸ்டில், அதாவது 2006-இல், நானும் என் மனைவி சரோஜாவும் மணாலியிலிருந்து லே வரைக்கும் மலைச்சாலையில் வண்டி பிடித்துப் போனோம். அதே வழியில் போகத் திட்டமிடுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் விவரம் கேட்டு எழுதியிருந்தார்கள். அவர்களுக்காக இது. நேரம், தூரம், செலவு எல்லாம் அன்றன்றைக்கு நோட்டில் குறித்தவை. என் புத்தியைப் பற்றி எழுதியிருப்பது மட்டும் பிறகு யோசித்தது.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒரே மகன் குமரன் ராணுவத்தில் வண்டி மெக்கானிக். லேயில் போட்டுப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. இரண்டு தடவை லீவு கேட்டு இரண்டு தடவையும் ரத்தாகிவிட்டது. இரண்டாவது தடவை அவன் ஃபோனில் சொன்ன அன்றைக்கு, அவனுக்காக வாங்கி வைத்திருந்த வஞ்சிரத்தை சரோஜா அப்படியே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அவன் வர்லன்னா நாம போலாம்யா. மலைன்னா இன்னா, மனுசன் போற எடந்தானே" என்றாள். மணாலி வழியாகப் போகிறோம் என்று நான் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர், "மணலிக்கா? ஷேர் ஆட்டோலயே பூடலாமே" என்றார். எங்கள் திருவொற்றியூரிலிருந்து மணலி அரை மணி நேரம்தான்.

விமானத்தில் போகலாமே என்று கேட்பீர்கள். குமரனும் அதைத்தான் சொன்னான். ஆனால் மேகம் இருந்தால் விமானம் லேயில் இறங்காமலே டெல்லிக்குத் திரும்பிவிடும் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. காசை வாங்கிக்கொண்டு வானத்தில் ஒரு சுற்று காட்டிவிட்டு இறக்கிவிடுகிற வியாபாரத்தை நம்ப நான் தயாராக இல்லை. சாலை வழியாக வருகிறோம் என்று அவனிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் தடுத்திருப்பான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கும் வேலையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். கண்டெய்னர் கதவில் தொங்குகிற சீலின் நம்பரும் காகிதத்தில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானா, நடுவில் யாராவது சீலை உடைத்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் வேலை. வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிறவன் அங்கே ஒரு ஷிஃப்ட் தாங்கமாட்டான். அந்தப் புத்தி துறைமுக கேட்டைத் தாண்டி வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். "துண்ற இட்லியக் கூட ரெண்டு பக்கமும் பொரட்டிப் பாக்குற ஆளு நீ" என்பாள் சரோஜா. அவள் எண்ணூரில் ஒரு கெமிக்கல் தொழிற்சாலையின் கேன்டீனில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

சென்ட்ரலிலிருந்து டெல்லிக்கு 34 மணி நேரம், ஸ்லீப்பர் ஆளுக்கு 510 ரூபாய். டெல்லியிலிருந்து மணாலிக்கு பஸ்ஸில் 570 கிலோமீட்டர், 15 மணி நேரம், ஆளுக்கு 650. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு திருப்பூர் பனியன் வியாபாரி. வருடத்துக்கு நாலு தடவை வருகிறவராம். அவர்தான் என் காதில் அந்த விதையைப் போட்டார். "மணாலி டிரைவருங்க பாதி வழி வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்கண்ணா. அப்புறம் அம்மணிக்கு ஒடம்பு செரியில்லீங்க, மேல போனா உசுருக்கு ஆபத்துன்னு பயமுறுத்தித் திருப்பிக் கூட்டிட்டு வந்துருவாங்க. வாங்குன அட்வான்ஸ் அவங்களுக்கு" என்றார். நல்ல மனுசன் என்று நினைத்தேன். அவர் கொடுத்த முறுக்கை மட்டும் வாங்கவில்லை.

மணாலியில் லே வரைக்கும் ஒரு சுமோ வண்டிக்கு 11,000 ரூபாய் பேசினேன். பாதி முன்பணம், மீதி லேயில். டிரைவர் பெயர் நோர்பு. ரோத்தாங் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, அதிகம் பேசமாட்டார். பேசாத டிரைவரை நான் நம்புவதில்லை. பேசுகிற டிரைவரையும் நம்புவதில்லை, அது வேறு காரணத்துக்காக.

வண்டியின் பின்பக்கம் இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்றில் டீசல். வழியில் தாண்டி என்கிற ஊரில் ஒரு பம்ப் இருக்கிறது, அதற்கப்புறம் 365 கிலோமீட்டருக்குப் பம்ப் கிடையாது என்று அங்கே போர்டே வைத்திருக்கிறார்கள். ஆகவே டீசல் கேன் நியாயம். இரண்டாவது கேனின் மூடியைத் திறந்து முகர்ந்தேன். மண்ணெண்ணெய். டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினால் இஞ்சினும் கெடும், வண்டிக்குள் புகையும் நாறும் என்பது துறைமுகத்து லாரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். எதற்கு இது என்று என் துறைமுகத்து இந்தியில் கேட்டேன். நோர்பு ஏதோ சொல்லிச் சிரித்தார். சாய் என்ற வார்த்தை மட்டும் புரிந்தது. டீ குடிக்கக் கூப்பிடுகிறார், பேச்சை மாற்றுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

என் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து பழைய பிளாஸ்டிக் சீல் இருக்கும். ஒரு தடவை இழுத்து இறுக்கினால் அறுத்தால்தான் வரும், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். எங்கள் பெட்டிகளின் ஜிப்புகளுக்கு அதைத்தான் போட்டிருந்தேன். ஒரு மஞ்சள் சீலை எடுத்து மண்ணெண்ணெய் கேனின் மூடி வளையத்தையும் கைப்பிடியையும் சேர்த்து இறுக்கினேன். நம்பர் 0417. நோட்டில் குறித்துக்கொண்டேன். நோர்பு பார்த்துக்கொண்டே நின்றார். "கஸ்டம்", அதாவது சுங்கச் சீல், என்று கேனைக் காட்டிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

முதல் நாள் காலை 5.30-க்குக் கிளம்பினோம். ரோத்தாங் 51 கிலோமீட்டர்தான், ஆனால் மழைச் சேற்றில் லாரிகள் மாட்டிக்கொண்டு உச்சிக்குப் போக மணி 10.15 ஆனது. உயரம் 3,978 மீட்டர். ஒரே மூட்டம், பனியும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. தாண்டியில் டீசல் போடும்போது இறங்கிப் போய் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கீலாங் போய்ச் சேர மாலை 4 மணி, மொத்தம் 115 கிலோமீட்டர். அறை 350 ரூபாய்.

அங்கேதான் நோர்பு முதல் தடவையாக நீளமாகப் பேசினார். இங்கே இரண்டு ராத்திரி தங்குங்கள், உடம்பு உயரத்துக்குப் பழகட்டும், மேடம் கடலோரத்து ஆள் என்றார். லாட்ஜ்காரரை அவர் கூப்பிட்ட விதத்திலேயே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. விசாரித்தேன். லாட்ஜ்காரர் அவருடைய தங்கை புருஷன். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் உண்டு என்று அங்கே வேலை செய்கிறவரே சொன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. சந்தேகப்படுகிறவனுக்கு அது சரியாகிப் போவதைப் போல ஒரு சுகம் வேறு இல்லை. காலையில் கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

"அந்தாளு மொகத்தப் பாத்தா பொய் சொல்றவன் மாரி இல்லியே" என்றாள் சரோஜா.

"பொய் சொல்கிறவன் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டா வருவான்" என்றேன்.

மறுநாள் காலை 7-க்குக் கிளம்பி, 8.15-க்கு தார்ச்சா. போலீஸ் சாவடியில் பெயர் எழுத வேண்டும், அடையாள அட்டை எடுத்துப் போங்கள். அதற்கப்புறம் சாலை ஏறிக்கொண்டே இருக்கிறது. மரம் ஒன்றுகூடக் கிடையாது. சிங்சிங்பார் என்ற இடத்தில் கூடாரக் கடை ஒன்றில் டீ, எட்டு ரூபாய். மணி 10.20. சரோஜா டீயை வாயில் வைத்துவிட்டு அப்படியே வெளியில் போய் வாந்தி எடுத்தாள்.

"தலை பேஜாரா கீதுயா. ரெண்டு பொட்டுலயும் ஆணி அட்ச்ச மாரி கீது" என்றாள். எனக்கும் தலை கனத்துத்தான் இருந்தது. கூடாரம் முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். வண்டிக்குள்ளும் அதே நாற்றம் இருப்பதாகப் பட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், என் மூக்குக்கு எல்லாமே மண்ணெண்ணெய்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் காய்ச்சல் ஞாபகம் வராது. கேஸ் ஞாபகம்தான் வரும். சரோஜாவின் தொழிற்சாலையில் வருடத்துக்கு இரண்டு தடவை கேஸ் கசிவு ஒத்திகை நடக்கும். சங்கு ஊதியதும் துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ள வேண்டும், பள்ளத்தில் நிற்கக் கூடாது, காற்று வருகிற பக்கமாகப் பார்த்து உயரமான இடத்துக்கு ஏற வேண்டும். கனமான வாயு தரையோடு தங்கும், மேலே போனால் பிழைப்பாய் என்பது கணக்கு. எங்கள் தெருவில் ஏதாவது நெடி வந்தால் எல்லாரும் கதவைச் சாத்திவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவோம். யோசிக்கவே மாட்டோம், கால் தானாகப் போகும்.

அதைத்தான் செய்தோம். அவள் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து மூக்கைக் கட்டிக்கொண்டாள். "மேல போலாம்யா. மேல காத்து கீது" என்றாள். நானும் மேலேதான் என்றேன்.

நோர்பு அவளைப் பார்த்ததும் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீச்சே, நீச்சே" என்றார். கீழே போக வேண்டும் என்று வந்த வழியைக் கையால் காட்டினார். உயிருக்கு ஆபத்து என்றார். திருப்பூர்க்காரர் சொன்ன அதே வசனம், வார்த்தை மாறாமல். எனக்கு உள்ளே ஏதோ டக்கென்று பூட்டிக்கொண்டது. நேற்று கமிஷன், இன்று ஆபத்து. "ஊப்பர்" என்று மேலே கை காட்டினேன். மேலே போகாவிட்டால் மீதிப் பணம் கிடையாது என்றேன். எட்டு பத்து கிலோமீட்டர் போய்ப் பார்ப்போம், மேடம் தூங்கக் கூடாது, பேசிக்கொண்டே வாருங்கள் என்று சொல்லிவிட்டு நோர்பு வண்டியை எடுத்தார்.

பத்து கிலோமீட்டரில் அவர் நிறுத்தப் பார்த்தார். நான் விடவில்லை. 11.30-க்கு பாரலாச்சா உச்சி. 4,890 மீட்டர், கீலாங்கிலிருந்து என் கணக்கில் 76 கிலோமீட்டர். கொடிகள் கட்டியிருக்கிறார்கள், நல்ல வெயில், காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒரு நாற்றமும் இல்லை. நெடியிலிருந்து தப்பித்தாகிவிட்டது என்று கதவைத் திறந்து சரோஜாவை இறக்கினேன்.

அவள் இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடி பக்கவாட்டில் போனது, குடித்தவர்கள் நடப்பது போல. பிடித்து ஒரு கல்லில் உட்காரவைத்தேன். "சங்கு ஊதுதுயா" என்றாள்.

"எங்கே ஊதுகிறது?"

"காது கேக்கலியா ஒனக்கு? சங்கு ஊதிகினே கீது. கொயந்த கீழ கீறான். அவன இஸ்துகினு மாடிக்கு வா."

குழந்தை என்று அவள் சொன்னது குமரனை. அவனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. என்னைப் பார்த்த பார்வையில் நான் யாரென்று தெரிந்த அடையாளம் இல்லை. இத்தனை வருடத்தில் நான் அப்படிப் பயந்ததில்லை.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் இஞ்சின் சத்தம். திரும்பினால் நோர்பு வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், மனைவி அந்த நிலையில் இருக்கும்போது எனக்கு வந்த முதல் எண்ணம், பெட்டியோடு ஓடுகிறான் என்பதுதான். அவளை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்து ஓடினேன். இருபது அடிகூட இருக்காது. பின்கதவைப் பிடித்தபடி முழங்காலில் விழுந்தேன். வாயைத் திறந்தால் காற்று உள்ளே போகவில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டது.

நான் விழுந்த இடத்துக்கு நேராகப் பின் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் மண்ணெண்ணெய் கேன். மஞ்சள் சீல் இறுக்கமாக அப்படியே இருந்தது. 0417. மூடி வளையத்தில் ஒரு கீறல்கூட இல்லை. என் கையால் இறுக்கிய சீல், என் கண்ணால் பார்த்த நம்பர். இருபத்திரண்டு வருடமாக நான் நம்பிய ஒரே சாட்சி அது. டீசலில் கலக்க இவர் ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை. அப்படியென்றால் புகை இல்லை, கேஸ் இல்லை. மேலே வந்ததும் அவளுக்குக் குறையவும் இல்லை, கூடியிருக்கிறது. ஓடிய எனக்கும் மூச்சு இல்லை. இது உயரம் செய்கிற வேலை என்று அதற்கப்புறம் எனக்குச் சொல்லித்தர யாரும் வேண்டியிருக்கவில்லை.

நோர்பு இறங்கி வந்து என்னைத் தாண்டிப் போனார். சரோஜாவைத் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்தார். அவர் வண்டியைத் திருப்பியது இறங்குகிற பக்கம் பார்த்து நிறுத்துவதற்கு. "நீச்சே" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அந்த இறக்கத்தைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. நோட்டிலும் ஒன்றும் குறிக்கவில்லை. அவள் தலை என் தோளில் இருந்தது. பெயரைச் சொல், பெயரைச் சொல் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். முருகா, இவளைக் கொடுத்துவிடு, இனிமேல் யாரையும் எதுவும் கேட்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். தார்ச்சா நெருங்கும்போது மணி 1.30. சரோஜா கண்ணைத் திறந்து, "இன்னாத்துக்கு என் பேரையே கேட்டுகினு கீற? ஒனக்குத் தெரியாதா?" என்றாள். நான் அழுதுவிட்டேன். நோர்பு கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

கீலாங் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மூளையைப் பிடிக்கிற மலைநோயின் தொடக்கம், மேலே ஒரு ராத்திரி தங்கியிருந்தால் பேச்சே வேறு என்றார் டாக்டர். சிங்சிங்பாரில் தலைவலி வந்ததும் இறங்கியிருக்கலாமே, யார் மேலே போகச் சொன்னது என்று கேட்டார். நான் சரோஜாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். நோர்பு வெளியே நின்றிருந்தார், நல்லவேளை.

மூன்று ராத்திரி தங்கினோம், அதே தங்கை புருஷன் லாட்ஜில். நோர்புவுக்குக் கமிஷன் போயிருக்கும், போகட்டும். இந்த மூன்று நாளில் எனக்கு விளங்கிய ஒரே விஷயம் இதுதான்: அவர் கமிஷன் வாங்குகிறார் என்பது உண்மை, இரண்டு ராத்திரி தங்குங்கள் என்று அவர் சொன்ன காரணமும் உண்மை. ஒரு மனிதனிடம் இரண்டும் சேர்ந்து இருக்க முடியும் என்பது என் தொழிலில் சொல்லித்தராத பாடம்.

டாக்டர் அவளை மறுபடி பரிசோதித்து, மாத்திரை எழுதிக் கொடுத்து, உயரத்தில் தூங்காமல் ஒரே நாளில் கடந்துவிடுங்கள், தலை வலித்தால் அடுத்த நிமிடம் டிரைவரிடம் சொல்லுங்கள் என்று அனுப்பினார். நான் திரும்பிவிடலாம் என்றுதான் சொன்னேன். "கொயந்தய பாக்காம வரமாட்டேன். நீ வோணா பூடு" என்றாள்.

விடியற்காலை 3.30-க்குக் கிளம்பி பாரலாச்சாவில் மணி 8. அவளுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகப் பேசிக்கொண்டு வந்தாள். கணவாயைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கியதும் நோர்பு வண்டியை ஓரம் கட்டினார். பின்கதவைத் திறந்து சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பம்ப் ஸ்டவ்வை எடுத்து வைத்தார். அப்புறம் மண்ணெண்ணெய் கேனை என் முன்னால் கொண்டுவந்து வைத்து, சீலைக் காட்டி, "கஸ்டம் சாப், சாய்?" என்று கேட்டார்.

மணாலியில் அவர் சொன்ன சாய் அதுதான். வழியில் பயணிகளுக்கு டீ போட்டுக் கொடுக்க வைத்திருக்கிற மண்ணெண்ணெய். நான் சீல் போட்ட நாளிலிருந்து அந்த மனிதர் குளிரில் தனக்கு ஒரு டீகூடப் போட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கிறார். கத்தி அவரிடமே இருந்தது. அறுத்திருந்தால் எனக்கு என்ன தெரியும் என்று எழுத வந்தேன், தெரிந்திருக்கும், தெரிந்தால் குதித்திருப்பேன். என் கையாலேயே அறுத்தேன். ஏலக்காயெல்லாம் தட்டிப்போட்டு நல்ல டீ. சரோஜா இரண்டு டம்ளர் குடித்தாள்.

அப்புறம் சர்ச்சூ, பாங், 5,328 மீட்டரில் தங்லாங் லா. எங்கும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. அன்றைக்கு மட்டும் 360 கிலோமீட்டர். லே போய்ச் சேர இரவு 7.40. குமரன் முகம் கறுத்து, உதடு வெடித்து, இன்னும் ஒல்லியாக இருந்தான். சாலையில் வந்தோம் என்றதும் திட்டினான். வழியில் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டான். "ஒண்ணும் இல்லடா. ஒங்கப்பா தான் கொஞ்சம் ஒசரமா ஏறிட்டாரு, டிரைவரு எறக்கி வுட்டாரு" என்றாள் சரோஜா. டெல்லிக்குத் திரும்ப அவனே விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். விமானம் ஒழுங்காகப் போய் இறங்கியது.

போகிறவர்களுக்கு: ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் பாதிக்குள் போங்கள். கீலாங்கிலோ அதைத் தாண்டி இருக்கிற ஜிஸ்பாவிலோ இரண்டு ராத்திரி கட்டாயம் தங்குங்கள், லாட்ஜ் யாருடையதாக இருந்தாலும் சரி. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் என்றால் இறங்குங்கள். நம் வடசென்னைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், அங்கே மேலே ஏறுவது தப்பிப்பது ஆகாது. கால் பழக்கத்தில் ஏறப் பார்க்கும், விடாதீர்கள். மாத்திரை பற்றி உங்கள் டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். டிரைவர் கீழே என்றால் கீழே. அவர் யாரிடம் கமிஷன் வாங்குகிறார் என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகு நிதானமாக விசாரித்துக்கொள்ளலாம், விசாரிக்க நீங்கள் இருந்தால்.

இவ்வளவையும் பின்னால் நின்று படித்துவிட்டு சரோஜா கேட்டாள்: "எல்லாம் எய்தினியே, அந்தாள்கிட்ட மன்னிப்பு கேட்டியா?"

கேட்கவில்லை. டீ குடிக்கும்போது கேட்டிருக்கலாம், லேயில் மீதிப் பணத்தைக் கொடுக்கும்போது கேட்டிருக்கலாம். ரூபாய் நோட்டுகளை இரண்டு தடவை எண்ணித்தான் கொடுத்தேன். அவர் எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்தான் இப்போது இதை இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.